பன்னிரண்டு கட்டமும் இடது கைகளும்

பள்ளியில் என் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியை சென்ற மாதம் போன் செய்தார்.

“சார், உங்க டென்ஸ் சார்ட்டைக் காணோம். நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா? பசங்க அதைத்தான் கேக்குதுங்க.”

எடுத்துக்கொண்டுதான் வந்தேன். செம்மண்டலத்தில் என் வீட்டு பீரோவுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருக்கிறேன். “தேடிப் பாக்குறேம்மா” என்று சொல்லி வைத்தேன். இத்தனை வருடம் வாத்தியார் வேலை பார்த்தும் பொய் எனக்கு இப்படித்தான் தயாராக வாயில் வந்து நிற்கிறது. அந்தச் சார்ட்டை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. காரணத்தை எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வரலாற்று ஆசிரியன். ஒரு பட்டம், ஒரு பி.எட்., வேலைவாய்ப்பு அலுவலகக் கடிதத்துக்காகக் காத்திருந்த சில வருடங்கள், அவ்வளவுதான் என் முன்கதை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். பத்தாம் வகுப்பு வரைதான் உண்டு. ஆங்கிலத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது, யார் தலையில் விழுகிறதோ அவர் நடத்த வேண்டும். 2004 ஜூனில் அது என் தலையில் விழுந்தது.

“எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்களே சார்” என்றேன்.

“யாருக்கு வருது வாத்தியாரே? ரிசல்ட் வந்தா போதும்” என்றார் தலைமையாசிரியர்.

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் சம்மதித்திருப்போம். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘வாத்தியாரே’தான், பெயர் சொல்ல மாட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயர் கெடக்கூடாது என்ற ஒரே நினைப்பு அவருக்கு. அந்த நினைப்புக்கு நான் நன்றாக ஒத்துப்போனேன்.

கடந்த காலம் என் பாடம். பாஸ்ட் டென்ஸ் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வந்தான், வருகிறான், வருவான் என்று மூன்றோடு தமிழில் வேலை முடிந்துவிடுகிறதே, வெள்ளைக்காரனுக்கு மட்டும் எதற்குப் பன்னிரண்டு என்று எரிச்சலாக வந்தது. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு எடுத்த பயிற்சி வகுப்பிலும் கேட்கவில்லை, கேட்டால் மானம் போகும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய சார்ட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் துணைவினையைச் சிவப்பில், வினையை நீலத்தில் எழுதினேன். ஓரத்தில் பச்சையில் அடையாள வார்த்தைகள்: ‘எஸ்டர்டே’ வந்தால் இந்தக் கட்டம், ‘சின்ஸ்’ வந்தால் அந்தக் கட்டம், ‘ஆல்ரெடி’ வந்தால் இன்னொன்று. கேள்வியில் பச்சை வார்த்தையைத் தேடு, கட்டத்தில் விரலை வை, பார்த்து எழுது. “வாக்கியத்தைப் படிக்காதே, வார்த்தையைப் பிடி!” என்று நான் கத்துவேன், பிள்ளைகள் திரும்பக் கத்துவார்கள். மார்க் கொட்டியது. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து சார்ட்டைப் பிரதி எடுக்க வந்தார்கள். டென்ஸ் வாத்தியார் என்று பெயர் வந்தது, அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோனேன்.

என்ன அர்த்தம் என்று தெரியாமலே நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தவள் ஒரே ஒருத்தி. 2006-ல் பத்தாம் வகுப்பில் இருந்த தில்லைநாயகி. எல்லோரும் தில்லை என்று கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா காசிநாதன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் மூட்டை ஏற்றுகிறவர். தாய் இல்லை. சிதம்பரத்தில் கோயிலை ஒட்டி ஓர் அத்தை வீடு இருந்தது. பத்து முடித்ததும் அங்கே தங்கி, பெரிய பள்ளியில் அறிவியல் பிரிவு எடுத்து, நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று அப்பாவும் மகளும் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

“சார், ‘ஹீ வென்ட்’டும் போனாருதான், ‘ஹீ ஹாஸ் கான்’னும் போனாருதான்னு சொல்றீங்க. ஒண்ணுதான்னா எதுக்கு சார் ரெண்டு?”

எனக்குத் தெரியாது. தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கலாம். எந்த வாத்தியாரும் அதனால் செத்துப்போனதில்லை. நான் சொன்னது வேறு.

“ஒனக்கு மார்க் வேணுமா, அர்த்தம் வேணுமா?”

வகுப்பு சிரித்தது. அவள் யோசித்துவிட்டு, “ரெண்டும் சார்” என்றாள்.

“அதிகப்பிரசங்கி! போய் வெளிய நில்லு.”

அந்தப் பாடவேளை முழுக்க வெயிலில் நின்றாள். அதற்கப்புறம் என் வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை அடங்கிவிட்டது என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன், சே.

அந்த வருடக் கடைசியில் மாவட்டக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். “ஒங்க டென்ஸ் கிளாஸைத்தான் காட்டப்போறேன் வாத்தியாரே. ஒரு கை கூட கீழ இருக்கக் கூடாது.” ஹெட்மாஸ்டர் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம், அதில் என் பெயரும் இருந்தது. ஒரு வாரம் ஒத்திகை நடத்தினேன். நான் கேள்வி கேட்டதும் நாற்பத்திரண்டு பேரும் கையைத் தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்கி முழங்கையை மடித்துக்கொள்ள வேண்டும். எதிரே நிற்கும் நான் நேராக நிற்கும் வலது கையைப் பார்த்துப் பெயர் சொல்வேன். பார்க்கிறவர்களுக்கு வகுப்பே விடைக்குத் துடிப்பது போல் இருக்கும். இப்படிச் செய்த ஒரே ஆள் நான் இல்லை, பல பள்ளிகளில் இந்த வேலை நடந்தது. ஆனால் முழங்கை மடிப்பது என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு, அதை வேறு யாராவது பாராட்ட மாட்டார்களா என்றுகூட அப்போது ஆசைப்பட்டேன்.

அலுவலர் அம்மா கைத்தறிப் புடவையில், சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. வெட்டி வைத்த இளநீரைத் தொடவில்லை. “நீங்க நடத்துங்க சார், நான் பாட்டுக்கு இருக்கேன்” என்று நேராகப் பின்னால் போய், கடைசி பெஞ்சில் தில்லை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன்னாலிருந்து பார்க்கத்தான் நான் ஒத்திகை நடத்தியிருந்தேன். முதுகுப் பக்கமிருந்து ஒருவர் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று கேள்வி கேட்டேன். மூன்று தடவையும் நாற்பத்திரண்டு கைகள். மூன்று பேர் டக்கென்று சரியாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் வாசலில் புன்னகையோடு நின்றார்.

“ரொம்ப நல்லா இருக்கு. இந்தப் பொண்ணை நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார் அலுவலர். தில்லை எழுந்தாள். “ஏம்மா, மூணு தடவையும் நீ இடது கையைத் தூக்குன. இன்னும் பத்துப் பதினஞ்சு பேரும் அப்படித்தான் தூக்குனாங்க. விடை தெரியாதா ஒனக்கு?”

“விடை தெரியும் மேடம். சார்ட்டைப் பாத்தா எழுதிடுவேன். ஆனா புரியலை. அதான் இடது.”

“அது என்ன வலது, இடது? யாரு சொல்லிக் குடுத்தது?”

தில்லை என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. பயம்தான் இருந்திருக்கும், வேறென்ன. பிறகு அவள் அலுவலரிடம் திரும்பினாள்.

“நானாத்தான் மேடம் சொன்னேன். நாங்களே பேசி வெச்சுக்கிட்டோம். சாருக்குத் தெரியாது.”

“அப்படியா சார்? ஒங்களுக்குத் தெரியாதா?”

என் முன்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரமாக என்னோடு ஒத்திகை பார்த்தவர்கள். அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்:

“தெரியாதுங்க மேடம்.”

அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது தலைமையாசிரியரிடம், “பிள்ளைங்களுக்கு இந்த வயசுல ஏமாத்துற பழக்கம் வரக் கூடாது. யாரு ஆரம்பிச்சதுன்னு விசாரிச்சு எனக்கு எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது தலைமையாசிரியரிடம், பார்த்தது என்னை.

விசாரணை என்ன விசாரணை? காசிநாதனை வரச் சொன்னார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்தார், சட்டையில் கம்பெனி ரசாயன நெடி. என் பெண் இனி ஒழுங்காக நடந்துகொள்வாள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் என்னைக் கும்பிட்டு, “மன்னிச்சிருங்க சார், தாய் இல்லாத புள்ள” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அத்தோடு முடிந்ததா, இல்லை. 2007 கோடையில் தேர்வு முடிவு வந்தது. தில்லைக்கு நல்ல மார்க். மாற்றுச் சான்றிதழ் எழுதுவது வகுப்பாசிரியர் வேலை, அதாவது என் வேலை. அதில் நடத்தை என்று ஓர் இடம் உண்டு. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘நன்று’ என்று எழுதுவோம். கல்லெறிந்து ஜன்னலை உடைத்தவனுக்கும் நன்றுதான். தலைமையாசிரியர் என் மேசைக்கு வந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தப் பொண்ணுக்கு மட்டும் ‘திருப்தி’ன்னு போடுங்க வாத்தியாரே. நடவடிக்கை எடுத்தோம்னு ஆபீஸுக்கு நான் பதில் எழுதணும்ல.”

அவர் துடைத்து முடிப்பதற்குள் எழுதிவிட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த வார்த்தையும் அழகாகத்தான் விழுந்தது.

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பொருள் என்று பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஏதோ செய்த பிள்ளை, ஜாக்கிரதை என்று பொருள். சிதம்பரத்துப் பள்ளியில் மார்க்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் சான்றிதழைப் பார்த்ததும் இடமில்லை என்றுவிட்டார்கள். காசிநாதன் மறுநாள் எங்கள் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர், முத்திரை வைத்தது வைத்ததுதான் என்று அனுப்பிவிட்டார். காசிநாதன் ஆசிரியர் அறைக்கு வந்து என் முன்னால் நின்றார்.

“ஒரு வார்த்தை சார். அதை மட்டும் மாத்திக் குடுங்க. புள்ள ஏன் அப்பிடிப் பண்ணுச்சுன்னே எனக்குத் தெரியல. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது.”

அப்போதுதான் தெரிந்தது. பெற்ற தகப்பனிடம்கூட அவள் உண்மையைச் சொல்லவில்லை. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். “எங்கையில என்னங்க இருக்கு, எல்லாம் ஹெட்மாஸ்டர்தான்” என்றேன். அவர் போய்விட்டார். தில்லை பதினோராம் வகுப்பு போகவில்லை, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் ஆங்கிலத்தில் எல்லோரும் தேர்ச்சி. எனக்குச் சால்வை போட்டார்கள், போர்த்திக்கொண்டேன். பதவி உயர்வு மட்டும் வேறு ஏதோ காரணத்தால் வரவில்லை. அது ஒன்றுக்காகத்தான் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். முதலில் சொன்ன அந்தப் போனில் புது ஆசிரியை இன்னொன்றும் சொன்னார்.

“சிதம்பரத்துல தில்லைன்னு ஒரு பொண்ணு டியூஷன் எடுக்குது சார். டென்ஸ் என்னமா சொல்லிக் குடுக்குதுங்கிறீங்க! ஒங்க ஸ்டூடண்டாமே? ஒங்க பேரைத்தான் சொல்லுது.”

என் பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? நான்கு நாள் தள்ளிப் போட்டேன். ஐந்தாம் நாள் பஸ் ஏறினேன். புவனகிரியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கால் நீட்டி வழியை அடைத்திருந்ததால் இறங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அதுதான் நிஜம்.

தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அத்தை வீட்டு மாடியில் ஓர் அறை. மாலை ஐந்தரை மணி. படியேறும்போதே குரல் கேட்டது.

“புரிஞ்சவங்க வலது கை, புரியாதவங்க இடது கை. பொய்யா தூக்குனா தெரிஞ்சிடும் எனக்கு!”

கதவருகே நின்று பார்த்தேன். இருபது பிள்ளைகள் இருக்கும். எல்லோர் கையும் மேலே.

“வலது கையெல்லாம் கீழ போடுங்க. நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க ராஜா, ஒங்ககிட்ட எனக்கு வேலை இல்ல. இடது கை யாரு யாரு? அஞ்சு பேரா? எந்திரிச்சு முன்னாடி வாங்க.”

அந்த ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் வகுப்பில் இடது கை என்றால் உன்னை நான் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். அவள் அந்தக் கைகளை மட்டும்தான் எண்ணினாள்.

“சார்! வாங்க சார், உள்ள வாங்க” என்று என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள். பிள்ளைகளிடம், “நான் சொல்லுவேன்ல, கை தூக்குறதைக் கண்டுபிடிச்ச சாரு, அவரு இவருதான்” என்றாள். குத்தல் இல்லை, தேடித் தேடிப் பார்த்தேன், அவள் குரலில் குத்தல் இல்லை. “கிளாஸ் முடியட்டும் சார். பத்து நிமிஷம் உக்காருங்க.”

கடைசியில் போய் உட்கார்ந்தேன். அவள் அந்த ஐவருக்கும் விளக்கினாள். “வீட்டுக்கு யாரோ வந்து ஒங்க அப்பா எங்கன்னு கேக்குறாங்க. அப்பா வெளியூருல இருக்காரு, இன்னும் திரும்பலை. என்ன சொல்லுவ? ‘போனாரு’ன்னா சொல்லுவ? ‘போயிருக்காரு’ம்ப. அவ்வளவுதான், அது ‘ஹாஸ் கான்’. போனது முடிஞ்சுது, ஆனா விஷயம் இன்னும் முடியலை. நான் பேக்கிங்ல வேலை பாத்தப்ப ஷிப்ட் மாறையில நோட்டுல எழுதணும். மெஷின் நின்னுச்சா, நின்னுருக்கா? நின்னுச்சுன்னா மறுபடி ஓடியிருக்கலாம். நின்னுருக்குன்னா அடுத்து வர்றவன்தான் பாக்கணும்.”

ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் புரிந்தது. விடை அவள் வாயிலும் என் வாயிலும் பிறந்ததிலிருந்து இருந்திருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வெயிலில் நிறுத்தியிருக்க வேண்டாம்.

பிள்ளைகள் போன பிறகு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பைச் சொன்னேன். பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். தனியாகப் பன்னிரண்டாவது எழுதி இப்போது அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாளாம். நர்ஸ் ஆகவில்லை. “இதுவும் புடிச்சிதான் இருக்கு, விடுங்க சார்” என்றாள். ஏன் அன்றைக்கு என்னைக் காப்பாற்றினாய் என்று கேட்டேன்.

“ஒங்க கை நடுங்குச்சு சார், சாக்பீஸோட. பாக்கப் பாவமா இருந்துச்சு. நீங்க அடுத்த நிமிஷம் ‘இல்ல மேடம், நான்தான்’னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளே மேலே சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் சார். எங்க அப்பாகிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க. நான் சொன்னா, இத்தன வருஷம் கழிச்சு வாத்தியார் மேல பழி போடுறியாங்கிறாரு. ஏமாத்திப் படிப்பைக் கெடுத்துக்கிட்டவன்னு இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்காரு.”

மறுநாள் காலை ஷிப்ட் விடும் நேரத்தில் சிப்காட் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். காசிநாதன் வந்தார், நரைத்துப் போயிருந்தார். என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். டீக்கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகை, முழங்கை, ‘தெரியாதுங்க மேடம்’, எதையும் விடவில்லை.

“அன்னைக்கு அவளை அடிச்சேன் சார்” என்றார். “பெல்ட்டால அடிச்சேன். அப்பவும் சொல்லல.”

நான் ஏதோ மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒங்ககிட்டதான சார் வந்து நின்னேன்? ஒரு வார்த்தை மாத்திக் குடுங்கன்னு ஒங்ககிட்டதான கேட்டேன்?”

“ஆமாங்க.”

“வாயால சொன்னா எப்பிடி சார்? அன்னைக்கு எழுத்துலதான போட்டீங்க. எழுத்துலயே குடுங்க. நான் எடுத்துக்கிட்டுப் போயி அவகிட்ட காட்டணும், எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு.”

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாக ஒரு வரி எங்காவது நுழைந்துகொண்டது. இது நான்காவது. இதன் முதல் பிரதி நாளைக் காலை காசிநாதன் கைக்குப் போகிறது. சார்ட்டைக் கேட்ட ஆசிரியைக்கு, சார்ட்டுக்குப் பதிலாக இன்னொரு பிரதி.

2006-07ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பு படித்த கா. தில்லைநாயகியின் நடத்தை: நன்று. வகுப்பில் பொய்க் கை தூக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அது தெரியாது என்று சொன்னவனும் நான். அவளுடைய வகுப்பாசிரியனாக இதை எழுதிக் கையெழுத்திடுகிறேன்.